குடி, கூரை, கல்வி: மராட்டிய மண் நமக்குத் தரும் வரலாறு

வெள்ளிவிழா என்பது மகிழ்ந்து திரும்பிப் பார்க்கும் நாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரிக்கேன் விளக்கின் ஒளியில் தொடங்கிய மாலைப் பாடசாலை இன்று ஒரு கல்விக் கழகமாக வளர்ந்து நிற்பதைக் காணும்போது நம் நெஞ்சம் நிறைகின்றது. பட்டம் பெற்றோர், பணியில் அமர்ந்தோர், ஆசிரியர் ஆனோர் எனப் பெருமைக்குரிய பட்டியல் ஒன்று இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெறும். அப்பட்டியலைக் கண்டு நாம் பெருமிதம் கொள்வது தகும்.

ஆயினும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத மூவர் நம் நடுவே உள்ளனர். குடியில் வீழ்ந்து, தன் பிள்ளையின் பாடநூலையும் அடகுக்குக் கொண்டுபோன தந்தை ஒருவர். ஊரில் நிலமும் இல்லாமல், நகரில் அறையும் இல்லாமல், பேருந்து நிலையத்துத் தூணோரம் படுத்து எழும் உழைப்பாளி ஒருவர். 'போதும் படிப்பு' என்று சொல்லப்பட்டுப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட இளம்பெண் ஒருத்தி. இம்மூவரையும் தனித்தனித் துன்பங்களாகக் காண்பதே நம் வழக்கம். முதலாமவரைக் 'குடிகாரன்' என்று விலக்குகிறோம். இரண்டாமவரைப் 'பாவம்' என்று கடக்கிறோம். மூன்றாமவளை 'அவள் தலைவிதி' என்று மறக்கிறோம். ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களின் விடுதலை வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிப்போமாயின், நம் முன்னோடிகள் இம்மூன்றையும் ஒரே நோயின் மூன்று முகங்களாகக் கண்டனர் என்பதும், மூன்றுக்கும் சேர்த்தே மருந்து தேடினர் என்பதும் விளங்கும். அவ்வரலாறு மிகத் தெளிவாகக் காணக் கிடைப்பது மராட்டிய மண்ணில். ஆகவே அதனை இங்கு இளைஞர்களின் முன் வைக்க விழைகிறோம்.

கடை எங்கிருந்து வந்தது?

நம் மக்களைப் பற்றி வெளியார் கூறும் பழிகளுள் மிகப் பழையது, 'குடி அவர்கள் பிறவிக் குணம்' என்பது. இப்பழியை முதலில் வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

பனையும் ஈச்சையும் இலுப்பையும் உள்ள நாட்டில் கள்ளும் சாராயமும் பல சாதியினரிடையே பல காலமாக இருந்தன. ஆனால் தெருவுக்கு ஒரு கடை என்ற நிலை இயற்கையாக வந்ததன்று. ஆங்கில அரசு மதுவை வருவாய்க்குரிய பண்டமாக்கியது. பம்பாய் மாகாணத்தில் 1878-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டமும் இயற்றப்பட்டன. வடிப்பதும் விற்பதும் அரசின் உரிமத்துக்கு உட்பட்டன. விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. மிகுந்த தொகைக்கு ஏலம் எடுத்தவர் அத்தொகையை எவ்வாறு மீட்பார்? கூலி கைக்கு வரும் இடத்தில் கடையை வைத்தார். கையில் காசில்லாதவருக்குக் கடன் கொடுத்தார். அறுவடைக் காலத்தில் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். உழைப்பாளியின் தாகம் கண்டு எழுந்தவை அல்ல அக்கடைகள். ஏலக்காரரின் கணக்கைக் கண்டு எழுந்தவை. அரசின் கருவூலமும் அவற்றால் நிறைந்தது.

இவ்வுண்மையை முதலில் உரத்துச் சொன்னோருள் ஒருவர் மகாத்மா சோதிராவ் பூலே. புனே நகராட்சியில் உறுப்பினராக இருந்தபோது, 1880-ஆம் ஆண்டில், நகரில் மதுக்கடைகள் பெருகுவதைக் கண்டித்து அவர் நகராட்சிக்கு எழுதினார். மதுவினால் எத்தனை குடும்பங்கள் அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டிக் கடைகளைக் கட்டுப்படுத்துமாறு கேட்டார். அவர் குடிப்பவனை ஏசவில்லை. கடையை அனுமதிப்பவரைக் கேள்வி கேட்டார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதே பூலேதான் தம் துணைவியார் சாவித்திரிபாயுடன் 1848-ஆம் ஆண்டு புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர். பின்னர் மகார், மாங் மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தவர். அப்பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் பதினான்கு வயது மாங் சிறுமி, தம் மக்களின் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-ஆம் ஆண்டில் 'ஞானோதய' என்னும் இதழில் வெளியாயிற்று. அவள் பள்ளியில் பயின்ற காலம் நெடியதன்று. அதற்குள் ஓர் இனத்தின் குரலாக ஒரு சிறுமி எழுந்தாள். கல்வி ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

தந்தையைக் குடிக்குப் பறிகொடுத்த மகன்

விதர்ப்பப் பகுதியில், அமராவதி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் பரிட் எனப்படும் வண்ணார் குலத்தில் பிறந்தவர் தேபுஜி. அவர் தந்தை சிங்கராஜி குடிப்பழக்கத்தால் உடல் கெட்டு, மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்தார். தாய் சக்குபாய் மகனை அழைத்துக்கொண்டு தம் பிறந்தகம் சென்றார். தேபுஜி அங்கு மாடு மேய்த்தார், ஏர் உழுதார், பள்ளிக்குச் செல்லவில்லை. வட்டிக்காரரின் கணக்கில் மாமன் வீட்டு நிலம் கரைவதையும் கண்டார். குடி, கடன், எழுத்தறியாமை என்னும் மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பதை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. தம் வீட்டிலேயே கண்டார்.

தமக்குப் பெண் குழந்தை பிறந்து பெயர் சூட்டும் நாளில், குல வழக்கப்படி இறைச்சியும் மதுவும் படைக்க மறுத்து, இனிப்பு உணவு மட்டும் பரிமாறினார் தேபுஜி. உறவினர் சினந்தனர். அவர் அசையவில்லை. ஊரில் ஒரு வீட்டு விருந்தில் மதுவை நிறுத்துவது எத்துணைக் கடினம் என்பதை நாம் அறிவோம். இன்றும் நம்மிடையே திருமணத்திலும் இழவிலும் 'அது இல்லாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அச்சம் போகவில்லை. தேபுஜியின் தொண்டு அந்த நாலு பேரின் முகத்துக்கு அஞ்சாமையில் தொடங்கியது.

1905-ஆம் ஆண்டில் அவர் வீட்டைத் துறந்து வெளியேறினார். கையில் துடைப்பம், மறுகையில் உடைந்த மண்கலம், உடலில் கந்தல்களை ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. மண்கலத்துக்கு மராத்தியில் உள்ள பெயரால் மக்கள் அவரைக் 'காட்கே பாபா' என்று அழைக்கலாயினர். ஓர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் அவ்வூர்த் தெருவைப் பெருக்குவார். சாக்கடையைத் தூர்ப்பார். மாலையில் அதே ஊர் மக்களைக் கூட்டிக் கீர்த்தனம் நிகழ்த்துவார். அக்கீர்த்தனத்தில் வானுலகக் கதைகள் குறைவு, கேள்விகள் மிகுதி. கடன் வாங்கித் திருமணம் செய்யலாமா, ஆடு வெட்டினால் தெய்வம் மகிழுமா, குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் மனிதனா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவன் தந்தையா, மனிதனைத் தொட்டால் தீட்டு ஒட்டுமா என்று கேட்டுக் கேட்டு, விடையை மக்கள் வாயிலிருந்தே வரவழைப்பார். தாம் எழுத்தறியாதவராயிருந்தும், உண்ணும் தட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்கவையுங்கள் என்ற கருத்தை ஊர் ஊராக விதைத்தார்.

இங்கு ஒரு செய்தியை மறைத்தல் நேர்மையன்று. அவர் வீட்டைத் துறந்தபோது, அவர் மனைவி குந்தாபாயின் தோளில் பிள்ளைகளின் சுமை முழுவதும் விழுந்தது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான ரூபாய் நன்கொடையாக வந்தபோதும் அதில் ஒரு காசும் தம் குடும்பத்துக்குச் சேரவிடாமல் காத்தார் காட்கே பாபா. அதனை அவர் தூய்மை என்று போற்றுவோர் பலர். ஆனால் அத்தூய்மைக்கு விலை கொடுத்தவர் குந்தாபாய் என்பதையும் நாம் எழுதி வைத்தல் வேண்டும். பொதுத்தொண்டின் வரலாற்றில் பெண்களின் பெயர்கள் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறாமல் போனதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

கூரையில்லாதார்க்குக் கூரை

காட்கே பாபா கோயில் கட்டவில்லை. தங்குமிடங்கள் கட்டினார். ஏன் தங்குமிடம் என்பதை அறிய, பண்டரிபுரம் செல்ல வேண்டும்.

பண்டரிபுரத்து விட்டலன்மீது பதினான்காம் நூற்றாண்டில் பாடிய மகார் குலத்து அடியார் சோகாமேளா. நம் நந்தனார் போலவே அவருக்கும் கோயில் வாயில் திறக்கவில்லை. அவர் சமாதி கோயிற் படிக்கட்டின் கீழே, வெளியில், இன்றும் உள்ளது. அவர் வழியில் வந்த மகார் யாத்திரிகர் நூற்றுக்கணக்கான கல் நடந்து வந்து சேர்ந்தால், உயர்சாதியாரின் சத்திரங்களில் அவர்களுக்கு இடமில்லை. மழையோ வெயிலோ, ஆற்றுமணலே படுக்கை. கோயில் அவர்களுக்குத் திறந்தது சானே குருஜி உண்ணாநோன்பிருந்த 1947-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, சோகாமேளாவின் பெயரால் தீண்டப்படாதார்க்கென ஒரு பெரிய தருமசாலையை அவ்வூரில் எழுப்பினார் காட்கே பாபா. கோயிற்கதவு திறக்கும்வரை காத்திருக்காமல், முதலில் படுக்க ஒரு தரையும் குடிக்க நீரும் அமைத்த அறிவுடைமையை நாம் போற்றாமல் இருக்க இயலாது.

நாசிக்கிலும் பிற யாத்திரைத் தலங்களிலும் அவ்வாறே தருமசாலைகள் எழுந்தன. பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனைக்கு அருகில், நாட்டுப்புறத்திலிருந்து நோயாளியைக் கொண்டுவந்து நடைபாதையில் படுத்துக் கிடந்த ஏழைகளுக்குத் தங்குமிடம் ஒன்று அமைந்தது. பார்வையற்றோர், கைகால் இழந்தோர், தொழுநோயாளர் ஆகியோர்க்கு உணவும் துணியும் வழங்கும் பணியும் உடன் நடந்தது. இவ்வறப்பணிகளை ஒருங்கே நடத்த 1952-ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

இவையெல்லாம் தானத்தால் நடந்தவையே. ஆயினும் இத்தானத்தில் இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, தங்குபவரின் சாதி கேட்டு அவமதிக்கும் வழக்கத்தை அது உடைத்தது. இரண்டாவது, பாபா தங்கியவரையும் வேலையில் சேர்த்தார். தெருவைப் பெருக்கும்போது துடைப்பத்தைக் கையில் கொடுத்து, 'வாருங்கள், சேர்ந்து பெருக்குவோம்' என்ற முறை அவருடையது. கூரையற்ற மனிதனுக்குக் கூரையினும் முதன்மையாகத் தேவைப்படுவது, தானும் ஒரு பயனுள்ள மனிதன் என்ற எண்ணமே. அவ்வெண்ணத்தை இழந்தவன்தான் கடையின் வாயிலுக்குப் போகிறான்.

அண்ணல் அம்பேத்கரும் காட்கே பாபாவும் ஒருவரையொருவர் மதித்தனர். 1949-ஆம் ஆண்டில் பண்டரிபுரத்துச் சோகாமேளா தருமசாலையைப் பாபா அண்ணலின் மக்கள் கல்விக் கழகத்துக்கு ஒப்படைத்தார். படுப்பதற்குக் கட்டிய கட்டடம் படிப்பதற்கு ஆயிற்று. கூரையிலிருந்து கல்விக்குச் செல்லும் வழியை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகின்றது. கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் 1919-இல் தோற்றுவித்த ரயத் கல்விக் கழகத்துக்கும் பாபா உறுதுணையாக நின்றார். பல சாதி மாணவரையும் ஒரே கூரையின்கீழ் தங்கவைத்து, ஒரே பந்தியில் உண்ணவைத்த விடுதிகள் அக்கழகத்துடையவை.

மகாடில் பெண்கள் கேட்டவை

1924-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தார். அச்சபையின் முதற்பணிகளுள் ஒன்று, 1925-இல் சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு விடுதி திறந்தது. போராட்டத்துக்கு முன்னர் விடுதி வந்தது என்பதை இளைஞர்கள் கருத வேண்டும். தங்கவும் உண்ணவும் இடமின்றிப் படிப்பு நிலைக்காது. படிப்பின்றிப் போராட்டம் நிலைக்காது.

1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் மகாடில் சவுதார் குளத்து நீரை எடுத்துப் பருகிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் மகாடில் மாநாடு கூடியது. 25-ஆம் நாள் மனுநூல் எரிக்கப்பட்டது. 27-ஆம் நாள் பெண்களை நோக்கி அண்ணல் தனியே உரையாற்றினார். அடிமைத்தனத்தின் அடையாளங்களாகிய ஆடை அணிகளை விடுக்கவும், தூய்மையாக வாழவும், பெண் குழந்தைகளையும் பள்ளிக்கு அனுப்பவும் கேட்டார். அவ்வுரையில் மற்றொன்றும் இருந்தது. கணவனோ மகனோ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவாராயின் அவருக்கு உணவு இடாதீர் என்றார் அண்ணல்.

இவ்வறிவுரையை நாம் இன்று எவ்வாறு கொள்வது? வீட்டின் அடுப்பு பெண்ணின் கையில் உள்ள ஒரே அதிகாரமாக இருந்த காலத்தில், அந்த ஒன்றையே கருவியாக எடுக்கச் சொன்னார் அண்ணல். 'நீ ஆற்றலற்றவள் அல்லள்' என்று ஒரு தலைவர் அப்பெண்களிடம் கூறியது அதுவே முதன்முறையாக இருக்கலாம். அவ்வளவில் அது புரட்சி. ஆனால் குடித்து வந்தவனுக்குச் சோறு மறுக்கும் பெண், அன்றிரவு அடிவாங்கினால் அவளைக் காப்பவர் யார்? அவள் பின்னால் ஊர் நிற்க வேண்டும். சங்கம் நிற்க வேண்டும். ஒருத்தி தனியே அடுப்பை அணைத்தால் அது அவள் துன்பம். தெருப் பெண்கள் அனைவரும் ஒன்றாக நின்றால் அது இயக்கம். அண்ணலின் சொல் ஓர் இயக்கத்துக்குரிய சொல். தனிப்பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதற்குரியதன்று.

சுமை தூக்கியவள் பள்ளி திறந்தாள்

பெண்கள் பிறர் சொல்லக் காத்திருக்கவில்லை என்பதற்கு நாக்பூர் சான்று தருகிறது. 1892-இல் பிறந்தவர் ஜாயிபாய் சௌதரி. பஞ்சத்தால் பெயர்ந்து நாக்பூர் வந்த மகார் குடும்பம் அவருடையது. சிறுவயதிலேயே திருமணம். வயிற்றுப்பாட்டுக்காகப் புகைவண்டி நிலையத்தில் பயணிகளின் மூட்டை சுமந்தார். அங்கு அவரைக் கண்ட கிறித்தவக் கன்னியர் ஒருவர் எழுத்துக் கற்பித்தார். பள்ளியொன்றில் மாதம் நான்கு ரூபாய் ஊதியத்தில் ஆசிரியப் பணியும் கிடைத்தது. ஆசிரியை தீண்டப்படாதவர் என்று அறிந்ததும் உயர்சாதிப் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்தினர். வேலை போயிற்று. மீண்டும் மூட்டை சுமக்க நேர்ந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1922-ஆம் ஆண்டு நாக்பூரில் சோகாமேளாவின் பெயரால் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தாமே தொடங்கினார். 1937-ஆம் ஆண்டில் நாக்பூரில் கூடிய பெரிய மாதர் மாநாடு ஒன்றில் தாழ்த்தப்பட்ட பெண்களை உணவுப் பந்தியில் தனியே அமர்த்தியபோது, அவ்வவமதிப்பைக் கண்டித்து 1938-ஆம் ஆண்டின் முதல் நாளில் பெண்களைத் திரட்டிக் கண்டனக் கூட்டம் நடத்தியவருள் ஜாயிபாயும் முன்னின்றார். 'பெண்' என்ற ஒரே சொல்லால் எல்லாப் பெண்களின் துன்பமும் அடங்கிவிடாது என்பதை அன்றே உணர்த்தியவர் அவர்.

இவ்விதைகள் 1942-இல் பயிராயின. அவ்வாண்டு ஜூலை 18 முதல் 20 வரை நாக்பூரில் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் நம் சென்னையைச் சேர்ந்த இராவ்பகதூர் ந. சிவராஜ் என்பது தமிழர்க்குரிய பெருமை. 20-ஆம் நாள் அங்கேயே பெண்கள் மாநாடு சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் கூடியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டனர் என்பர். மணவிலக்கு உரிமை, பலதார மணத் தடை, ஆலைகளில் பெண் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுப்பு, பெண் மேற்பார்வையாளர், தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு அரசு விடுதிகள் எனத் தீர்மானங்கள் நிறைவேறின. அம்மாநாட்டில் பேசிய அண்ணல், தூய்மையைக் கைக்கொள்ளவும், தீய பழக்கங்களை விலக்கவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், மணத்துக்கு அவசரப்படாதிருக்கவும், மனைவி கணவனுக்கு அடிமையாக அன்றித் தோழியாக, சமமாக நிற்கவும் அறிவுறுத்தினார். 1945-இல் பம்பாயில் கூடிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்கு அன்னை மீனாம்பாள் சிவராஜ் தலைமை தாங்கினார். ஆக, இவ்வரலாறு நமக்கு அயலாரின் வரலாறன்று.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய அண்ணல், அவர்களை ஏற்கச்செய்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஒன்று மதுவைத் தீண்டேன் என்பது. குடியை விடுதல் ஒருவனது தனிப்பட்ட வெட்கமாக இருந்த நிலை மாறி, ஒரு சமுதாயமே நிமிர்ந்து நின்று கூறும் சொல்லாக அன்று உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் மறைந்தார். இரு வாரங்களுக்குள், டிசம்பர் 20-ஆம் நாள், அமராவதி அருகே காட்கே பாபாவும் மறைந்தார்.

நம் காலத்தின் பாடம்

நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் அது நிறுத்தப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மீண்டும் விலக்கப்பட்டது. 1983-இல் அரசு வாணிபக் கழகம் தோன்றியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தலாயிற்று. சட்டம் வரும், போகும். சட்டத்தை மட்டும் நம்பியிருப்போர் அது போகும் நாளில் வெறுங்கையராய் நிற்பர்.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா ஊர்ப் பெண்கள் வேறு வழி காட்டினர். அங்கு 1990-ஐ ஒட்டி எழுத்தறிவு இயக்கம் நடந்தது. இரவு வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்ற கூலிப்பெண்கள், தம் பாடநூலில் தம் வாழ்வைப் போன்ற கதையையே படித்தனர். படித்தவர் சும்மா இருக்கவில்லை. 1992-இல் ஒன்றாகச் சென்று சாராயக் கடையை மூடவைத்தனர். தீ மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் சாராயமும், 1995 சனவரியில் எல்லா மதுவும் தடைசெய்யப்பட்டன. 1997-இல் அத்தடை தளர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் ஓர் இரவுப் பள்ளி ஓர் அரசை அசைத்தது என்பதும் உண்மையே. கல்விக் கழகத்தார்க்கு இதனினும் நெருங்கிய பாடம் வேறில்லை.

இன்றைய அறிவு கூறும் ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். மிகுகுடி ஒழுக்கக்கேடு மட்டுமன்று. உடலையும் மூளையையும் பற்றிய நோய். பல்லாண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் உறக்கமின்மையும் வலிப்பும் சித்தப்பிரமையும் இரண்டு மூன்று நாட்களில் தோன்றலாம். உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டிவைத்தல் மருந்தாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முதற்படி. அதன்பின் அவருக்கு வேண்டுவது துணை. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் வீழ்ந்த இருவர் சந்தித்து, ஒருவரையொருவர் தாங்கி எழுந்ததிலிருந்து உலகெங்கும் பரவியது குடிநோயர் தம்முள் கூடிப் பேசும் முறை. விட்டொழித்தவரே விட விரும்புவோர்க்கு நல்ல துணை என்பது அதன் அடிப்படை. மீண்டும் ஒருமுறை தவறினால் 'இவன் திருந்தமாட்டான்' என்று கைவிடுதல் கூடாது, நோய் திரும்பும், மருந்தும் திரும்ப வேண்டும்.

கூரையற்றோர்க்கும் இன்று உரிமை உண்டு. நகர்ப்புறத்தில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டுமென 2010-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. காட்கே பாபா கையேந்திப் பெற்றதை நாம் உரிமையாகக் கேட்டுப் பெறலாம். நகராட்சியில் மனு எழுத ஒரு படித்த இளைஞன் போதும். அவ்விளைஞன் நம் கழகத்தில் இருக்கிறான்.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் தெருவில் குடிப்பவர் நம் பகைவர் அல்லர். அவரைக் கேலிசெய்யும் சொல்லை நம் வாயிலிருந்து நீக்குவோம். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இருவர் முன்வருவோம். நம் கழகத்தின் விழாக்களிலும் நம் வீட்டுத் திருமணங்களிலும் இழவுகளிலும் மது இல்லை என்பதை முதலில் நம்மிலிருந்தே தொடங்குவோம்.

இரண்டாவது, நம் கழகக் கட்டடம் இரவில் பூட்டிக் கிடக்கிறது. வேலை தேடி நகருக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைக்கு, பிற ஊர்ப் பிள்ளைக்கும், சில இரவுகள் தங்க ஒரு கூடத்தை ஒதுக்கலாகாதா? பாயும் தண்ணீர்க்குடமும் விளக்கும் போதும். சோகாமேளா தருமசாலையும் அவ்வளவில்தான் தொடங்கியிருக்கும்.

மூன்றாவது, கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கான அளவுகோல் ஒன்றை இன்றே வகுப்போம். எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதோடு, எத்தனை பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினர், எத்தனை பேருக்குப் பதினெட்டு நிறையுமுன் மணம் நிகழாமல் தடுத்தோம், எத்தனை பெண்கள் இக்கழகத்தின் நிருவாகக் குழுவில் அமர்ந்தனர் என்பதையும் எழுதிவைப்போம். இம்மலரின் நிருவாகக் குழுப் படத்தில் பெண் முகங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணிக்கை குறித்து நாம் நாணுகிறோம். ஆதலின் இதனை எழுதுகிறோம்.

பாபா எந்த ஊரிலும் முதலில் பிறர் வீட்டு வாசலைப் பெருக்கவில்லை என்று கூற இயலாது. ஆனால் தம் கையில் துடைப்பம் இல்லாமல் யாருக்கும் அறிவுரை கூறவில்லை என்று உறுதியாகக் கூறலாம். வெள்ளிவிழாப் பந்தல் பிரிக்கப்படும் நாளில் இத்திடலைப் பெருக்க வேண்டியிருக்கும். அன்று காலை ஆறு மணிக்கு, ஆடவரும் பெண்டிரும், படித்தவரும் படியாதவரும், குடியை விட்டவரும் விட முயல்பவரும் ஒன்றாகத் துடைப்பத்தோடு வருவோமாக. பொன்விழாவை நோக்கிய நம் பயணம் அங்கிருந்து தொடங்கட்டும்.